குணமான பாட்டி ஏன் வீட்டுக்குப் போகவில்லை? இங்கிலாந்தைத் திணறடிக்கும் 'படுக்கை' கணக்கு

மிஸஸ் ஸ்மித் என்று ஒருவர் உண்மையில் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கடற்கரையில் இருக்கும் டோர்பே பகுதியின் மருத்துவ, சமூக நலத்துறை அதிகாரிகள் கற்பனையாக உருவாக்கிய மூதாட்டி அவர். வயது எண்பதுக்கு மேல். உடம்பில் ஒன்றல்ல, பல பிரச்சினைகள். அவரைக் கவனிக்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆள் அதிகம் என்பதுதான் அவருடைய சிக்கலே.

குடும்ப மருத்துவர் ஒரு பக்கம், வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் இன்னொரு பக்கம். நடக்கப் பழக்க பிசியோதெரபிஸ்ட். பாத்ரூமில் கைப்பிடி வைக்க வேண்டுமா என்று பார்க்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். காலையில் குளிப்பாட்ட ஆள் அனுப்பலாமா என்று முடிவு செய்ய, கவுன்சில் எனப்படும் உள்ளாட்சியின் சமூகப் பணியாளர். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆபீஸ், ஒரு ஃபைல், ஒரு வெயிட்டிங் லிஸ்ட். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன மாத்திரை சாப்பிடறீங்க? வீட்ல கூட யார் இருக்கா?" பாட்டி ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டோர்பே அதிகாரிகள் தங்கள் திட்டங்கள் எல்லாவற்றையும் இந்தக் கற்பனைப் பாட்டியை வைத்தே சோதித்தார்கள். யார் என்ன மாற்றம் சொன்னாலும் பதிலுக்கு ஒரு கேள்வி வரும்: 'சரி, இதனால மிஸஸ் ஸ்மித்துக்கு என்ன ஆகும்?'

கேட்க எளிமையாக இருக்கும் இந்தக் கேள்வியோடுதான் பிரிட்டன் 75 ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிறது. சட்டம் போட்டார்கள், அபராதம் போட்டார்கள், கம்ப்யூட்டரில் மாதிரி ஊர்களையே கட்டிப் பார்த்தார்கள். முதியவர்களுக்கான வைத்தியத்தையும் பராமரிப்பையும் ஒன்றாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரே நாளில் பிறந்த இரண்டு ஏற்பாடுகள்

1948 ஜூலை 5. பிரிட்டனின் புகழ்பெற்ற தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ். தொடங்கிய நாள். யாராக இருந்தாலும் வைத்தியம் இலவசம், செலவு வரிப்பணத்திலிருந்து.

அதே நாளில் இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது. அதை யாரும் அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. தேசிய உதவிச் சட்டம் என்று பெயர். ஏழைகளைப் பணிமனை விடுதிகளில் அடைத்த பழைய ஏழைகள் சட்டத்தை ஒழித்து, வயதானவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் தங்குமிடம் தரும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் அது கொடுத்தது. ஆனால் இது இலவசம் இல்லை. வருமானம், சொத்து எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, முடிந்தவர்களிடம் காசு வாங்க வேண்டும்.

இந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை. நெஞ்சுவலி என்றால் என்.எச்.எஸ்., ஒரு பைசா கேட்காது. எழுந்து நடக்க, சட்டை மாட்ட, சாப்பாடு எடுத்து வைக்க உதவி வேண்டும் என்றால் அது 'சமூகப் பராமரிப்பு'. கவுன்சிலின் கதவைத் தட்ட வேண்டும். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் செலவு முழுக்க உங்களுடையது. இந்திய மதிப்பில் 25 லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 2010-க்குப் பிறகு இந்த வரம்பு ஏறவே இல்லை. பராமரிப்பு இல்லத்துக்குப் போவதாக இருந்தால், கணவனோ மனைவியோ வீட்டில் இல்லாத பட்சத்தில், சொந்த வீட்டின் மதிப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

நடைமுறையில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு உதாரணம், 'குளியல்' விவாதம். வயதான ஒருவரைக் குளிப்பாட்டுவது வைத்தியமா, பராமரிப்பா? வைத்தியம் என்றால் நர்ஸ் வந்து இலவசமாகக் குளிப்பாட்டுவார். பராமரிப்பு என்றால் கவுன்சில் ஆள் அனுப்பும், பில்லும் வரலாம். அதே தண்ணீர், அதே சோப்பு. 'மருத்துவக் குளியல்', 'சமூகக் குளியல்' என்று பிரித்துப் பேசி பிரிட்டிஷ் அதிகாரிகள் பல ஆண்டுகள் உண்மையிலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

'பெட் பிளாக்கர்' என்ற கெட்ட பெயர்

இரண்டு துறைகளும் மோதும் இடம் ஆஸ்பத்திரி வார்டு. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் முடிந்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. டாக்டர், "இனி ஆஸ்பத்திரியில் வேலை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் தனியாக இருக்கிற வீட்டுக்கு அப்படியே அனுப்ப முடியாது. காலையும் மாலையும் ஒருவர் வந்துபோக வேண்டும். வாக்கர் வேண்டும், மாடிப்படுக்கை கீழே வர வேண்டும். இதெல்லாம் கவுன்சில் வேலை. அங்கே ஆள் கிடைக்க இரண்டு வாரம்.

அந்த இரண்டு வாரமும் பாட்டி வார்டில். கீழே, அவசரப் பிரிவின் நடைபாதையில் இன்னொரு பாட்டி ஸ்ட்ரெச்சரில். வெளியே ஆம்புலன்ஸ் வரிசை. இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்கு 'பெட் பிளாக்கர்' என்று ஒரு பெயரும் உண்டு. படுக்கையை அவரா பிடித்து வைத்திருக்கிறார்? போக வழியில்லாமல் கிடக்கிறார். பழியும் அவர் மீதே விழுவது கொடுமைதான்.

காத்திருப்பு வெறும் போரடிப்பு அல்ல, உடம்பைத் தின்னும். 2007-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு: சராசரி வயது 67 உள்ள, எந்த நோயும் இல்லாத சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ தசை காணாமல் போனது. இவர்கள் ஆரோக்கியமானவர்கள். 85 வயதில், ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவருக்கு அந்தத் தசை திரும்ப வருவது சுலபம் இல்லை. நடந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், இரண்டு வாரம் கழித்து எழுந்து நிற்கவே இரண்டு பேர் தேவைப்படுகிறவராக ஆகிவிடுகிறார். அப்போது அவருக்குத் தேவைப்படும் பராமரிப்பும் கூடுகிறது. அதற்கு ஆள் தேட இன்னும் நாளாகிறது. காத்திருப்பே காத்திருப்பை நீட்டும் விஷச் சுழல் இது.

பணக் கணக்கும் உண்டு. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2016-இல் ஒரு மதிப்பீடு கொடுத்தது. ஆஸ்பத்திரி தேவைப்படாத முதியவர்கள் அங்கேயே இருப்பதால் ஆண்டுக்கு ஆகும் செலவு சுமார் 82 கோடி பவுண்டு. அவர்களை வெளியே, வேறு விதத்தில் கவனித்திருந்தால்? சுமார் 18 கோடி.

அப்படியானால் அந்த 18 கோடியைச் செலவழிக்க வேண்டியதுதானே என்று தோன்றும். சேமிப்பு என்.எச்.எஸ். கணக்கில் வரும், செலவு கவுன்சில் கணக்கில் போகும் என்பதுதான் பிரச்சினை.

பந்தியில் இலை போதவில்லையா?

'ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிறதா? படுக்கையைக் கூட்டு' என்பதுதான் எந்த அரசியல்வாதிக்கும் முதலில் வரும் யோசனை. ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். இந்த யோசனை ஏன் கைகொடுப்பதில்லை என்பதைக் காட்டியது கணினி மாதிரிகள்தான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் கை கழுவும் இடத்தில் ஒரே ஒரு குழாய், அங்கே கூட்டம். வாசலில் அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள். இப்போது இன்னும் இருபது இலை போட்டால் என்ன ஆகும்? இருபது பேர் உட்காருவார்கள். முடித்ததும் அவர்களும் அதே குழாய்க்குத்தான் வர வேண்டும்.

இதை எண்ணில் பார்க்கலாம். கீழே இருப்பது புரிவதற்காகப் போட்ட உதாரணக் கணக்கு. ஒரு ஆஸ்பத்திரிக்கு நாளுக்கு 30 முதியவர்கள் வருகிறார்கள், சராசரியாக 8 நாள் இருக்கிறார்கள். எந்த நேரத்திலும் நிரம்பியிருக்கும் படுக்கைகள் 30 பெருக்கல் 8, அதாவது 240. 'லிட்டில் விதி' என்று இதற்குப் பெயர். ஜான் லிட்டில் 1961-இல் கணிதமாக நிரூபித்தார். ஐ.டி. வேலையில் கான்பான் போர்டு பார்த்தவர்களுக்கு இது பழக்கமான சமாசாரம்.

அந்த 30 பேரில் 6 பேருக்கு வீட்டில் உதவி ஏற்பாடு செய்தால்தான் டிஸ்சார்ஜ். ஆனால் அந்த ஊரின் வீட்டுப் பராமரிப்பு ஏற்பாட்டால் நாளுக்கு 5 பேரைத்தான் ஏற்க முடிகிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஒருவர்தான். ஆனால் தினமும் ஒருவர் வார்டில் தேங்குகிறார். ஒரு மாதத்தில் 30 படுக்கை போச்சு. நிர்வாகம் அவசரமாக 20 புதுப் படுக்கை போடுகிறது. அது எத்தனை நாளுக்கு? சரியாக 20 நாளுக்கு. 21-ஆம் நாள் பழைய கதை. அதே பணத்தில் கொஞ்சத்தை எடுத்து வீட்டுப் பராமரிப்பை 5-இலிருந்து 7 ஆக்கியிருந்தால், தேக்கம் தினமும் ஒன்று ஒன்றாக வடியும்.

நிஜ மாதிரிகள் இதைவிடச் சிக்கலானவை. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் 1950-களில் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய 'சிஸ்டம் டைனமிக்ஸ்' முறை இதில் அதிகம் பயன்படுகிறது. தொட்டிகள், குழாய்கள், ஒன்றை ஒன்று பாதிக்கும் சுழல்கள் என்று மொத்த ஏற்பாட்டையும் வரைந்து, கம்ப்யூட்டரில் ஓட விடுவார்கள். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ஜோசியம் சொல்வது இதன் வேலை அல்ல. எங்கே தட்டினால் எங்கே வலிக்கும் என்று முன்கூட்டியே காட்டுவதுதான்.

அபராதம் போட்டால் சரியாகுமா?

2002-இல் பிரிட்டிஷ் அரசு ஒரு யோசனையோடு வந்தது. வெளியே அனுப்பத் தயாரான நோயாளியைக் கவுன்சில் எடுத்துக்கொள்ளாவிட்டால், நாளுக்கு இவ்வளவு என்று அந்தக் கவுன்சில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டும். சுவீடனில் 1992-இல் நடந்த 'எடல்' சீர்திருத்தம்தான் முன்மாதிரி. அங்கே இப்படிப் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் மாற்றியதும் தேக்கம் மளமளவென்று குறைந்திருந்தது.

என்.எச்.எஸ். அமைப்புகளின் கூட்டமைப்பும் உள்ளாட்சிகளின் சங்கமும் இதைச் சோதித்துப் பார்க்க எரிக் வோல்ஸ்டன்ஹோம் குழுவிடம் ஒரு மாதிரியைக் கேட்டன. நோயாளி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கிருந்து இடைநிலைப் பராமரிப்பு, வீட்டு உதவி, பராமரிப்பு இல்லம் என்று போகும் பாதை முழுவதையும் அந்தக் குழு வரைந்தது.

வந்த விடை பலருக்கு அதிர்ச்சி. ஆஸ்பத்திரிப் படுக்கையைக் கூட்டினால் தேங்கி நிற்பவர்கள் எண்ணிக்கை குறையாது, கூடும். அதிகம் பேர் உள்ளே வருவார்கள், வெளியே போகும் வழி அதே அளவு. அபராதம்? ஏற்கெனவே பணமில்லாத கவுன்சிலிடம் அபராதம் வாங்கினால், வீட்டுக்கு ஆள் அனுப்ப வைத்திருந்த பணம்தான் அதற்குப் போகும். குழாயை அடைப்பதற்குச் சமம். மாறாக, ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கும் பராமரிப்பில் பணம் போட்டால் இரண்டு தரப்புக்கும் நன்மை என்று மாதிரி காட்டியது.

இன்னொரு விஷயமும் அதில் தெரிந்தது. நெருக்கடியில் ஆஸ்பத்திரிகள் சும்மா இருப்பதில்லை, சமாளிக்கும். மெடிக்கல் வார்டு நோயாளியை சர்ஜரி வார்டில் போடும், திட்டமிட்ட ஆபரேஷன்களைத் தள்ளிவைக்கும், சிலரைக் கொஞ்சம் சீக்கிரமே அனுப்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஓடுவது மாதிரி இருக்கும். ஆனால் முட்டி மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர் இன்னும் ஆறு மாதம் வலியோடு இருப்பார். சீக்கிரம் அனுப்பப்பட்டவர் திரும்ப அவசரப் பிரிவுக்கே வருவார். சமாளிப்பு சாமர்த்தியமே நோயின் அறிகுறியை மறைத்துவிடுகிறது.

2003-இல் சட்டம் நிறைவேறியது. நாளுக்கு 100 பவுண்டு, லண்டனிலும் தென்கிழக்கிலும் 120 பவுண்டு என்று கட்டணம் 2004 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஆனால் வெறும் அபராதமாக வரவில்லை. கூடவே கவுன்சில்களுக்கு முழு ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு மானியமும் வந்தது. 2022-இல் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டண முறையையே எடுத்துவிட்டது.

டோர்பே என்ன செய்தது?

டோர்பே என்பது டோர்கி, பெய்ண்டன், பிரிக்ஸம் என்ற மூன்று கடலோர ஊர்கள். அகதா கிறிஸ்டி பிறந்த டோர்கி இதில்தான் வருகிறது. ஓய்வுபெற்றவர்கள் கடல் காற்றுக்காக வந்து குடியேறும் இடம். சுமார் 1.4 லட்சம் மக்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். மற்ற ஊர்களுக்கு இருபது வருடம் கழித்து வரப்போகும் பிரச்சினை இங்கே முன்கூட்டியே வந்துவிட்டது.

முதலில் பிரிக்ஸமில் சிறிய அளவில் முயன்று பார்த்தார்கள். பிறகு 2005 டிசம்பரில் டோர்பே கேர் டிரஸ்ட் உருவானது. கவுன்சிலின் சமூகப் பணியாளர்கள் என்.எச்.எஸ். அமைப்பின் ஊழியர்களாக மாறினார்கள். பகுதி ஐந்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே அலுவலகத்தில், அந்த வட்டாரத்துக் குடும்ப மருத்துவர்களோடு இணைந்து. பணமும் ஒரே பையில். 'இது உன் செலவா, என் செலவா' என்ற சண்டைக்கே இடமில்லை.

இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு என்று பலரும் சுட்டுவது, டாக்டரோ நர்ஸோ அல்லாத ஒருவரை: ஒருங்கிணைப்பாளர். மருத்துவப் பட்டம் தேவையில்லை. குடும்ப மருத்துவர் போன் செய்து, "மிஸஸ் ஸ்மித் கீழே விழுந்துட்டாங்க, எலும்பு ஒண்ணும் முறியல, ஆனா தனியா விட முடியாது" என்றால், போனை எடுப்பவர் இவர்தான். இன்று மாலைக்குள் வாக்கர், நாளைக் காலை பிசியோ, ஒரு வாரத்துக்குக் குளிப்பாட்ட ஆள் என்று ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. பாட்டி தன் கதையை ஒரு தடவை சொன்னால் போதும்.

பலன் எண்களில் தெரிந்தது. 1998-99-இல் நாளுக்குச் சராசரியாக 750 ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிரம்பியிருந்தன, 2009-10-இல் 502. அதே 2009-10-இல், 65 வயதைத் தாண்டிய ஆயிரம் பேருக்கு, அவசரமாகச் சேர்க்கப்பட்டு ஆஸ்பத்திரியில் கழித்த நாட்கள் டோர்பேயில் 1,920. தென்மேற்குப் பிராந்தியத்தின் சராசரி 2,698. டிஸ்சார்ஜ் தாமதம் என்பது ஏறக்குறைய இல்லாமலே போனது.

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து முழுக்கவே ஆஸ்பத்திரிப் படுக்கைகள் குறைந்துகொண்டிருந்தன. எல்லாப் பெருமையையும் ஒருங்கிணைப்புக்கே கொடுத்துவிட முடியாது. டோர்பேக்குச் சில அதிர்ஷ்டங்களும் இருந்தன. கவுன்சிலின் எல்லையும் என்.எச்.எஸ். அமைப்பின் எல்லையும் ஒன்றே. ஊர் சின்னது, அதிகாரிகள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், பல ஆண்டுகள் அதே பதவியில் இருந்தவர்கள். லண்டனிலோ பர்மிங்காமிலோ இதை அப்படியே நகல் எடுக்க முடியாது.

காகிதத்தில் குறைந்தது, வார்டில் கூடியது

நகல் எடுக்க நாடே முயன்றது. 2015-இல் 'பெட்டர் கேர் ஃபண்ட்' என்ற பொதுநிதி தொடங்கியது. என்.எச்.எஸ்.ஸும் கவுன்சில்களும் சேர்ந்து முதல் ஆண்டில் போட்ட தொகை 530 கோடி பவுண்டு. ஒவ்வொரு ஊரும் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தது. எல்லாவற்றையும் கூட்டியபோது, அவசரச் சேர்க்கை 1,06,000 குறையும், டிஸ்சார்ஜ் தாமத நாட்கள் 2,93,000 குறையும், 51.1 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று வந்தது.

2017 பிப்ரவரியில் தணிக்கை அலுவலகம் நடந்ததைச் சொன்னது. அவசரச் சேர்க்கை 87,000 கூடியிருந்தது. தாமத நாட்கள் 1,85,000 கூடியிருந்தன. பராமரிப்பு இல்லங்களுக்கு நிரந்தரமாகப் போகும் முதியவர்கள் எண்ணிக்கை குறைந்தது போன்ற சில நல்ல விஷயங்கள் இருந்தன. ஆனால் பணம் மிச்சமாகவில்லை.

எங்கே தவறியது? பையை ஒன்றாக்கினார்கள், பையில் போடும் பணத்தைக் கூட்டவில்லை. 2010-க்குப் பிறகு கவுன்சில்களின் நிதி வெட்டப்பட்டுக்கொண்டே வந்தது. முன்பு என்.எச்.எஸ்.ஸுக்குள் செலவான பணத்தில் ஒரு பகுதிதான் இந்தப் பக்கம் திருப்பி விடப்பட்டது. கை கழுவும் இடத்துக்கும் பந்திக்கும் ஒரே மேனேஜர் என்று போர்டு மாட்டியாயிற்று. குழாய் இன்னும் ஒன்றுதான்.

ஒருங்கிணைப்பைப் பற்றி அடிக்கடி விற்கப்படும் ஒரு நம்பிக்கை இங்கே அடிபட்டது. 'நல்லா கவனிச்சா செலவு குறையும்' என்பது எப்போதும் உண்மை இல்லை. நல்ல ஒருங்கிணைப்பாளர் வீடு வீடாகப் போனால், இதுவரை யார் கண்ணிலும் படாமல் தவித்த முதியவர்களையும் கண்டுபிடிப்பார். அவர்களுக்கும் உதவி தேவைப்படும். பாட்டிக்கு அது பெரிய நல்லது. கணக்கு எழுதுகிறவருக்கு அது கூடுதல் செலவு.

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்?

மேலே சொன்ன மாதிரிகளில் எல்லாம் ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார்: மகள். அல்லது மருமகள், மகன், கணவர். முதியவர்களுக்கான பராமரிப்பில் பெரும்பங்கை உலகெங்கும் செய்வது சம்பளம் வாங்காத குடும்பத்தினர்தான், பிரிட்டனிலும் அப்படியே.

இதைக் கணக்கில் கொண்டுவர சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2010-இல் 'கேர் லைஃப் சைக்கிள்' என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அதிலிருந்து 2012-இல் வந்த 'லிங்க்டு லைவ்ஸ்' என்ற மாதிரி கொஞ்சம் சிம்ஸ் கேம் மாதிரி இருக்கும். பிரிட்டனின் வரைபடத்தில் கற்பனை மனிதர்கள் பிறக்கிறார்கள், ஜோடி சேர்கிறார்கள், வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வயதாகிறார்கள், ஒரு கட்டத்தில் உதவி தேவைப்படுகிறவர்களாகிறார்கள். அந்த நேரத்தில் அதே வீட்டில் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்று மாதிரி பார்க்கும். யாரும் இல்லாவிட்டால் செலவு அரசின் தலையில், அதாவது வரி கட்டுகிறவர் தலையில்.

தொட்டி-குழாய் மாதிரியில் 'தேவை' என்பது வெளியிலிருந்து வரும் ஒரு எண். இங்கே அது முப்பது வருடத்துக்கு முன் யாரோ எடுத்த முடிவுகளின் விளைவு. மகளுக்கு லண்டனில் வேலை கிடைத்தது, டோர்கியில் அம்மா தனியாக. மிஸஸ் ஸ்மித்தின் டிஸ்சார்ஜ் தாமதத்தின் ஒரு நுனி அந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது. வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து இதைப் படிப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

குழாயைத் திறப்பது யார்?

கடைசியில் எல்லா மாதிரியும் ஒரே இடத்தில் வந்து முட்டும்: காலை ஏழு மணிக்குப் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டும் ஆள். இங்கிலாந்தில் 2021-22-இல் பராமரிப்புத் துறையில் நிரப்பப்படாத வேலைகள் 1,65,000. சம்பளம் சூப்பர் மார்க்கெட் வேலையை ஒட்டித்தான். பல இடங்களில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது.

2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா கதவு திறக்கப்பட்டது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளிலிருந்து பெருமளவில் போனார்கள். நம் ஊரில் நர்ஸிங் முடித்தவர்களும் ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துப் போனது உண்டு. சிலருக்கு அங்கே போனதும் சொன்ன வேலையே இல்லை. ஆனால் காலியிடங்கள் குறைந்தன. குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டவர்கள் அவர்கள்தான். 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்து வரத் தடை. 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதற்கே அந்த வழி மூடப்பட்டது.

குடியேற்றத்துறைக்கு இது குடியேற்ற எண்ணிக்கை. வார்டில் இருக்கும் டாக்டருக்கு இது டிஸ்சார்ஜ் எண்ணிக்கை. இரண்டு துறைகளும் ஒரே மாதிரியில் உட்கார்ந்து பார்க்காத பிரச்சினை 1948-உடன் முடிந்துவிடவில்லை.

இப்போது நிலைமை என்ன?

2023 ஜனவரியில், குளிர்கால நெருக்கடியின் உச்சத்தில், வெளியே போகத் தயாரானவர்கள் சுமார் 14,000 பேர் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்தார்கள். அரசு அவசரமாக 20 கோடி பவுண்டு ஒதுக்கி, பராமரிப்பு இல்லங்களில் தற்காலிக இடங்களை வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில்தான் வைத்தியத்தையும் பராமரிப்பையும் இணைப்பதற்கென்றே நாடு முழுக்க 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் தொடங்கப்பட்டிருந்தன.

உருப்படியாகச் சில மாற்றங்களும் நடந்திருக்கின்றன. முன்பு பாட்டிக்கு வீட்டில் என்ன தேவை என்று வார்டில் வைத்தே மதிப்பிடுவார்கள். முடிந்த பிறகுதான் டிஸ்சார்ஜ். இப்போது முதலில் வீட்டுக்கு அனுப்பு, அங்கே போய்ப் பார் என்கிறார்கள். தன் சமையலறையில், தன் அடுப்புக்கு முன்னால் ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பது வார்டில் தெரியாது. ஆறு வாரம் வரை தீவிரப் பயிற்சி கொடுத்து, திரும்பத் தானே எழுந்து நடக்கப் பழக்கும் சேவைக்குக் கட்டணம் இல்லை. அதனால் ஒருவர் சீக்கிரம் தேறினால், அவருக்கு வந்துகொண்டிருந்த உதவியாளர் அடுத்தவருக்குக் கிடைப்பார். ஒரு குழாயே இரண்டு குழாய் வேலை செய்யும்.

பணம் யார் தருவது என்ற பழைய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்குச் செலவழிக்க வேண்டிய தொகைக்கு 86,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைப்பதாக 2021-இல் அறிவித்தார்கள். 2023-க்கு என்றார்கள், 2025-க்குத் தள்ளினார்கள், 2024 ஜூலையில் புதிய அரசு கைவிட்டது. 2025 ஜனவரியில் லூயிஸ் கேஸி தலைமையில் ஒரு ஆணையம் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் கட்ட அறிக்கைக்குக் கெடு 2026. பராமரிப்பின் நீண்டகால நிதிக்கு வழி சொல்ல வேண்டிய இரண்டாம் கட்ட அறிக்கைக்கு 2028 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.